பன்னிரண்டு அடி

போன வாரம் எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகி, ஹாலுக்கு அடியில் ஈரம் ஊறி, தரையை உடைக்க வேண்டியதாகிவிட்டது. ஓசூரில் நாற்பது வருஷத்து வீடென்றால் அப்படித்தான். வீட்டுக்காரனுக்கு முழங்கால் போகிற வயதில் வீட்டுக்குக் குழாய் போகிறது. கொத்தனார் கடப்பாறையால் நாலு போடு போட்டு மொசைக்கைப் பெயர்த்தார். அதற்குக் கீழே கான்கிரீட். அதையும் உடைத்தால், கீழே மணல். வீடு கட்டும்போது தரை நிரப்பக் கொட்டியது.

கொத்தனாருக்கு முப்பது வயதுகூட இருக்காது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பிடி அள்ளி, விரலிடுக்கில் ஒழுகவிட்டுப் பார்த்தார். மறுபடி அள்ளினார். நகைக்கடையில் பெண்கள் சங்கிலியைத் தூக்கிப் பார்ப்பார்களே, அந்த முகம்.

"சார், இது அசல் ஆத்து மணலு. எம்-சாண்ட் போட்டுப் போட்டு கையே மறந்துபோச்சு. இத நான் எடுத்துக்கட்டுமா? உள்ள கிரஷர் தூளு போட்டு ரொப்பிக் குடுத்துடறேன்."

முதலில் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவர் போனதும் நானும் உட்கார்ந்தேன். நான் உட்காருவது என்பது நாற்காலியைப் பிடித்து, சுவரைப் பிடித்து, கடைசியில் கடவுளைப் பிடித்து முடிகிற காரியம். ஒரு பிடி அள்ளி முகர்ந்தேன். நாணல் வேர் வாசம். கூடவே பானைத் தண்ணீர் வாசம். நாற்பது வருஷம் சிமென்டுக்கு அடியில் கிடந்தும் அது போகவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த மணல் எந்த இடத்து மணல் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கொத்தனாருக்குப் பதில் சொல்லவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஆற்றங்கரை வேலைகளைப் பார்க்கும் ஒரு சர்க்கார் பிரிவில் வொர்க் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். இருபத்திரண்டு வயது. சேலத்திலிருந்து ஒரு தகரப் பெட்டி, ஒரு சைக்கிள், ஊரெல்லாம் தெரியும் என்கிற மண்டைக்கனம் மூன்றோடும் வந்து உத்தனப்பள்ளியில் ஒரு அறை எடுத்தேன். அப்போது ஓசூரில் தொழிற்சாலை கிடையாது. குளிரும் ராகியும் மாடும்தான். வேலைக்கு வருகிறவர்கள் ஒரே வாக்கியத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் போட்டுப் பேசுவார்கள். எனக்கு மூன்று மாதத்தில் மூன்று மொழியிலும் திட்டு வாங்கத் தெரிந்துவிட்டது. பேசத்தான் வரவில்லை.

பேரிகைப் பக்கத்து மேட்டுநிலங்களில் பெய்கிற மழையெல்லாம் ஒரு ஓடையாகச் சேர்ந்து வடகரையில் பெண்ணையாற்றில் விழும். விழுகிற இடத்தை ஓடைமுகம் என்பார்கள். ஓடை கொண்டுவரும் மணல் ஆற்றில் சேர்ந்ததும் வேகம் அடங்கி அங்கேயே படிந்து, நாக்கு நீட்டின மாதிரி ஒரு திட்டாக வளர்ந்திருந்தது. வெயில் காலத்தில் அந்தத் திட்டில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று. வடகரையில் இருந்த இருபது இருபத்தைந்து கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அதுதான் குடிதண்ணீர். அவர்களுடைய கல்லறைத் தோட்டமும் அந்தத் திட்டை ஒட்டிய கரைமேல்தான் இருந்தது.

தென்கரையில் விவசாயிகள். திட்டு வளர வளர ஆறு அதற்கு ஒதுங்கித் தென்கரையை அறுத்துக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒரு வரப்பு, இரண்டு தென்னை என்று போய்க்கொண்டிருந்தது. அவர்கள் மனுவுக்கு மேல் மனு எழுதினார்கள். கடைசியில் தென்கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டி ஒரு கல் கட்டு போட்டு, நீரோட்டத்தை நடுவாற்றுக்குத் திருப்பிவிடுவது என்று முடிவாயிற்று. காகிதத்தில் அதற்கு ஆங்கிலத்தில் என்னவோ பெயர். ஜனங்கள் அதைக் 'கல்மூக்கு' என்றார்கள். அந்தக் கல்மூக்கைக் கட்டி முடிப்பதுதான் என் முதல் வேலை.

கல் சுமக்க வடகரைப் பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி சவரியம்மா. முப்பத்தைந்து வயதிருக்கும். சும்மாட்டின் மேல் கல்லோடு அவள் ஆற்றைக் கடந்து வருவதைப் பார்த்தால் தண்ணீரே வழிவிடுகிறதோ என்று தோன்றும். புருஷன் பெங்களூரில் தோட்டவேலைக்குப் போய் வருஷத்துக்கு இரண்டு தடவை தலைகாட்டுவான். ஒரே மகள் ஜெசிந்தா, ஆறு வயதில் காமாலையில் போய்விட்டாள். இதை அவள் எனக்கு முதல் நாளே சொன்னாள், ஏதோ ஊர்ப் பெயர் சொல்வதுபோல.

சாப்பாட்டு வேளைகளில் எனக்கு உபதேசம் செய்கிற வியாதி உண்டு. ஒருநாள் குச்சியால் மணலில் படம் போட்டு அந்தப் பெண்களுக்கு ஆறு பாடம் எடுத்தேன். "மணல் எங்கயும் காணாமப் போவாதுக்கா. ஆறு இங்க எடுக்கும், அங்க வெக்கும். எங்க வெக்கணும்னு நாம அதுக்குச் சொல்லிக் குடுக்கறோம், அவ்ளோதான்."

சவரியம்மா களியை உருட்டிக்கொண்டே கேட்டாள். "ஆறு உங்க பேச்சக் கேக்குங்களா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருபத்திரண்டு வயதில் ஆறு என்ன, மழையே என் பேச்சைக் கேட்கும் என்று நினைத்திருந்தேன்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அந்தத் தோட்டத்தில் யாருக்கும் கல் வைக்க மாட்டார்கள், சிமென்டும் பூச மாட்டார்கள். மண்மேட்டின் தலைமாட்டில் ஒரு மரச்சிலுவை, அவ்வளவுதான். ஒவ்வொரு வருஷமும் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு முன்னால், ஓடைமுகத்துத் திட்டிலிருந்து கூடை கூடையாகப் புது மணல் எடுத்து வந்து அவரவர் மேட்டின்மேல் போடுவார்கள். பழைய மணல் மழையில் கரைந்து ஆற்றுக்குப் போயிருக்கும். ஓடை புதுசாகக் கொண்டுவந்து கொடுக்கும். சவரியம்மா மகளுக்கு மணலைச் சலித்துப் போடுவாள். சின்னக் கல்கூட இருக்கக் கூடாது. பக்கத்துப் பெண்கள் கேலி செய்தால், புள்ளைக்கு உறுத்தும் என்பாள்.

சித்திரையில் கல்மூக்கு முடிந்தது. அந்த வருஷ மழையில் தென்கரையில் ஒரு பிடி மண் போகவில்லை. தென்கரைக்காரர்கள் எனக்குத் தேங்காய் உடைத்து மாலை போட்டார்கள். ஆறு நாங்கள் சொன்னபடி நடுவுக்குத் திரும்பியது. நடுவோடு நிற்கச் சொல்லத்தான் எங்களுக்குத் தெரியவில்லை. ஒரே மழைக்காலத்தில் ஓடைமுகத்துத் திட்டை முழுசாக வழித்துத் தின்றுவிட்டு, வடகரையின் செம்மண்ணில் வாய் வைத்தது.

கரை எவ்வளவு போகிறது என்று அளக்கச் சொன்னார் ஓவர்சியர். அவர்தான் எனக்கு மேலே. அளக்கும் முறை எளிது. கரை விளிம்பிலிருந்து பன்னிரண்டு அடி உள்ளே தள்ளி, சிவப்பும் வெள்ளையும் பூசிய ஒரு முளைக்குச்சி. சனிக்கிழமைதோறும் முளையிலிருந்து விளிம்புவரை டேப் பிடித்து, எத்தனை அடி மிச்சம் என்று ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். முதல் மாதம் ஏழு என்று எழுதிக்கொண்டு போனேன். ஓவர்சியர் கண்ணாடியைக் கழற்றினார். கல்மூக்கு போட்டதால் எதிர்க்கரை போகிறது என்று மேலே தெரிந்தால் யார் பதில் சொல்வது, உன்னை நாட்றாம்பாளையம் காட்டுக்குத் தூக்கியடிப்பார்கள், யானைக்கு ரிஜிஸ்தர் எழுது என்றார். பொய் எழுதச் சொல்லவில்லை. அதை நானே கண்டுபிடித்தேன்.

முளை ஆற்றில் விழுந்துவிட்டால் புது முளை அடிக்க வேண்டும். எங்கே அடிப்பது? விளிம்பிலிருந்து பன்னிரண்டு அடி, அதுதானே கணக்கு. அடித்தேன். டேப் பிடித்தேன். பன்னிரண்டு. அப்புறம் விழும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று விளிம்பு நெருங்கும்போதே பிடுங்கிப் பின்னால் அடிக்க ஆரம்பித்தேன். வாரம் தவறாமல் ரிஜிஸ்தரில் பன்னிரண்டு, பதினொன்று, பன்னிரண்டு. அந்தப் பக்கங்களைப் பார்த்தால் பெண்ணையாறு ஒரு வருஷமாகத் தியானத்தில் இருந்தது என்று நினைப்பீர்கள். ஓவர்சியர் என் கையெழுத்து அழகாக இருப்பதாகச் சொன்னார்.

சும்மா இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. வேலாமுள் கட்டுகளைக் கரையடியில் அடுக்கினோம். இரண்டு வரிசை மூங்கில் ஊன்றி நடுவில் தழை திணித்து, மணல் வந்து தங்குமா என்று பார்த்தோம். தங்கவில்லை. ஓடை கொண்டுவந்ததையெல்லாம் ஆறு உடனுக்குடன் வாரிக்கொண்டு போனது. குடிதண்ணீர் ஊற்றும் போய், பெண்கள் ஒரு மைல் நடந்தார்கள். அப்போதும் அவர்கள் என்னைத் திட்டவில்லை. சர்க்கார் ஆள் அளக்கிறான், ஏதாவது செய்வான் என்று இருந்தார்கள்.

அடுத்த ஆடியில் உபதேசியார் எல்லோரையும் கூப்பிட்டார். பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானப்பாடம் நடத்துவது எல்லாம் உபதேசியார்தான். ஐப்பசி வெள்ளத்துக்குள் கல்லறைகளைத் தோண்டி, மிச்சம் இருப்பதை, கரையை விட்டுத் தள்ளி அவர்கள் கோயில் இருந்த மேட்டுக்கு மாற்றிவிடலாம் என்றார். அழுதுகொண்டே எல்லோரும் சம்மதித்தார்கள். ஒவ்வொரு குடும்பமாகத் தோண்டி, வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். சவரியம்மா மட்டும் மாட்டேன் என்றாள். உபதேசியார் கெஞ்சினார், அதட்டினார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார், நான் சொன்னால் கேட்பாள் என்று.

அவள் முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"ஒருதரம் மூடுனது போதும் சார். மறுபடி தொறக்கச் சொல்லாதீங்க. என்னால பாக்க முடியாது." முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க வாராவாரம் அளக்கறீங்க இல்ல, நீங்க சொல்லுங்க. தண்ணி அவகிட்ட வருமா? வரும்னா நானே தோண்டறேன்."

உபதேசியார் என்னைப் பார்த்தார். வரும் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் முளையை நகர்த்தினது வெளியே வந்திருக்கும். உபதேசியார் மனு எழுதுவார், மனு மேலே போகும், ரிஜிஸ்தரைப் பிரிப்பார்கள். என் கண் முன்னால் நாட்றாம்பாளையம் வந்தது. யானை வந்தது. சேலத்தில் என் சம்பளத்தை நம்பியிருந்த அம்மா வந்தாள். சவரியம்மாவின் மகள் மட்டும் வரவில்லை.

"வராதுக்கா. போன சனிக்கிழமகூட அளந்தேன். பன்னெண்டு அடி இருக்குது."

அவள் முகம் தெளிந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. உள்ளே போய் எனக்கு மோர் கொண்டுவந்தாள். குடித்தேன். அந்த மோரை எப்படிக் குடித்தேனோ!

புரட்டாசியில் நான் முளை அடித்த இடம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. தோண்டி மூடின குழிகளைத் தாண்டி, ஜெசிந்தாவின் சிலுவைக்கு இரண்டு எட்டு ஆற்றுப் பக்கம். சவரியம்மா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொளை உள்ள வந்துருச்சே சார்?"

அளக்க வசதியாக இருக்கும் என்று உள்ளே அடித்தேன் என்றேன். சரி சார் என்றாள். தெரியாமலா கேட்டிருப்பாள்? கரை வருவது யாருக்குத்தான் தெரியவில்லை? மகளை மறுபடி தோண்டிப் பார்க்காமல் இருக்க அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதை நான் சர்க்கார் முத்திரையோடு கொடுத்தேன். இப்படி யோசித்து என் பாரத்தைப் பாதி அவள் தலையில் ஏற்றிப் பார்த்த வருஷங்களும் உண்டு. ஏறவில்லை. சும்மாடு வைத்து எத்தனையோ கல் சுமந்தவள், இதை மட்டும் என்னிடமே விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை சைக்கிளை மிதித்துக்கொண்டு, மேல்பாலம் சுற்றி வடகரைக்குப் போனேன். பேரிகைச் செம்மண்ணெல்லாம் கரைந்து ஓடை சிவப்பாக வந்துகொண்டிருந்தது. ஆறு அதை வாங்கி வடகரையோடு உரசிக்கொண்டு போனது. கரை பாளம் பாளமாக விழுந்தது. ஒவ்வொரு பாளத்துக்கும் தொம்மென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் தண்ணீர். ஊரே நின்றது. சவரியம்மாவை இரண்டு பெண்கள் இடுப்போடு பிடித்திருந்தார்கள். கையில் மண்வெட்டி இருந்தது. இப்போதாவது தோண்டிவிடுகிறேன் என்று விடியற்காலையிலிருந்து திமிறிக்கொண்டிருந்தாளாம். கரையில் கால் வைக்க முடியாது என்று பிடித்து வைத்திருந்தார்கள்.

முதலில் என் முளை போனது. சிவப்பு வெள்ளையாகக் கொஞ்ச தூரம் மிதந்தது. பிறகு ஒரு பாளம். அப்புறம் சிலுவை சாய்ந்து, மண்மேட்டோடு இறங்கியது. சலித்துப் போட்ட வெள்ளை மணல் சிவப்புத் தண்ணீரில் ஒரு கணம் தனியாகத் தெரிந்தது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பன்னெண்டு அடி சார்," என்றாள்.

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. என்னவென்று கேட்பது? அன்று சாயங்காலம், அந்த ஏழுக்கு அப்புறம் முதல்முறையாக, ரிஜிஸ்தரில் உண்மை எழுதினேன். முளை இல்லை, கரை இல்லை என்று எழுதினேன். வெள்ளத்தால் என்று ஓவர்சியர் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார். யாரும் என்னை எங்கும் தூக்கியடிக்கவில்லை. அத்தனை பயமும் வீண். இதை நினைக்கும்போதுதான் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

வெள்ளம் வடிந்து ஒரு வாரம் கழித்து அவள் கல்மூக்குக்கு வந்தாள். கையில் ஒரு புதுச் சிலுவை, வேலிக்கால் கட்டையில் செய்தது. கண் உள்ளே போயிருந்தது.

"நீங்கதான சார் சொன்னீங்க, மணலு எங்கயும் போவாது, இங்க எடுத்து அங்க வெக்கும்னு. எங்க வெக்கும்? அத மட்டும் காட்டுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

ஆறு எடுத்ததை எங்கே வைக்கும் என்று எந்தப் படிப்பும் சொல்லாது. ஒரு பர்லாங்கில் வைக்கலாம்; கிருஷ்ணகிரி அணையில் கொண்டுபோய்ப் புதைக்கலாம். எனக்கு அது தெரியும். ஆனால் அவள் முகத்துக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கல்மூக்குக்குக் கீழே, தென்கரை வளைவில், அந்த வெள்ளத்தில் புதுசாக ஒரு திட்டு விழுந்திருந்தது. கையை நீட்டி அதைக் காட்டினேன். அவளிடம் நான் சொன்ன மூன்றாவது பொய். அதையும் நம்பினாள்.

முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய், திட்டின் நடுவில் சிலுவையை ஊன்றினாள். சுற்றிலும் இருந்த மணலைக் கூட்டி ஒரு சின்ன மேடு செய்தாள். சின்னக் கற்களைப் பொறுக்கித் தண்ணீரில் எறிந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மற்றவர்கள் கோயில் மேட்டுக்குப் போவார்கள். அவள் மெழுகுவர்த்தியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஆற்றைக் கடப்பாள். வெள்ளம் சிலுவையைக் கொண்டுபோனால் வேறு சிலுவை. திட்டு மட்டும் போகவில்லை, வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. நான் மாற்றலாகிப் போகும்வரை, நவம்பர் இரண்டு வந்தால் லீவு போட்டுவிட்டு அறையிலேயே படுத்துக்கிடப்பேன்.

அப்புறம் ஓசூர் வேறு ஊரானது. தொழிற்சாலைகள் வந்தன, ஜனம் வந்தது, வீடுகள் வந்தன. எல்லாவற்றுக்கும் மணல் வேண்டியிருந்தது. நானும் திரும்பி வந்து இந்த வீட்டைக் கட்டினேன். ஒருநாள் மணல் லாரி வாசலில் வந்து நின்றது. டிரைவர் பெருமையாகச் சொன்னான், ஓடைமுகத்துக்குக் கீழே வளைவில் ஒரு திட்டு இருக்குது சார், சல்லடையே வேண்டாம், அவ்வளவு சுத்தம் என்று. அங்கே ஏதாவது இருந்ததா என்று கேட்டேன்.

"ஒரு சிலுவைக் கட்ட இருந்துச்சு. புடுங்கி ஓரமா வெச்சிட்டோம்."

லாரியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. மழை வருவதற்குள் தரை போட வேண்டும் என்று கொத்தனார்கள் காத்திருந்தார்கள். ஹாலில் கொட்டச் சொன்னேன். அதன்மேல்தான் இத்தனை வருஷமும் சாப்பிட்டேன், தூங்கினேன், பேத்திக்கு நடை பழக்கினேன். சவரியம்மா எப்போது போனாள் என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்கப் பயந்தேன்.

இப்போது அங்கே போனால் திட்டு இல்லை. எந்தத் திட்டும் இல்லை. ஓடைமுகத்தில் பாறை தெரிகிறது, ஆற்றில் சோப்பு நுரை போகிறது. கல்மூக்கு மட்டும், திருப்பிவிட மணலும் தண்ணீரும் இல்லாமல் கரையில் நீட்டிக்கொண்டிருக்கிறது. கோயில் மேட்டில் எல்லாம் சிமென்டும் கிரானைட்டும். மேட்டின்மேல் புது மணல் போடுகிற வழக்கம் போய்விட்டது. போட மணல் எங்கே?

கொத்தனார் டீ குடித்துவிட்டு வந்தார். மணலை எடுக்க வேண்டாம், இப்படியே மூடிவிடுங்கள் என்றேன். இவ்வளவு நல்ல மணலை யாராவது தரைக்கடியில் விடுவார்களா என்று அவர் மாய்ந்துபோனார். ஒருதரம் மூடினது போதும், மறுபடி திறக்க வேண்டாம் என்று சொன்னேன். அது யாருடைய வார்த்தை என்று அவருக்கு எப்படித் தெரியும்? தலையைச் சொறிந்துகொண்டு சிமென்ட் கலக்கப் போனார்.

அவர் மூடுவதற்கு முன்னால் ஒரு பிடி மட்டும் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். கேட்டுக்கு வெளியே போனேன், மறுபடி உள்ளே வந்தேன். மூடின கையில் மணல் வியர்த்து ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கே கொண்டுபோய் வைப்பது என்று காட்ட யாருமில்லை.